சனிக்கிழமைக் காய்ச்சல்

முதலில் மாறியது தேநீரின் ருசி. ஒரு சனிக்கிழமைப் பின்னேரம், அஸர் தொழுதுவிட்டு வந்து பட்டறை வாசலில் குந்தியிருந்து ஒரு மிடறு குடித்தேன். பழைய காசொன்றை வாயில் போட்டுச் சூப்பியது போல ஒரு கெட்ட இனிப்பு. கேத்தல் கழுவப்படவில்லை என்று மனைவி நிஹாறாவைக் கடிந்தேன். அவள் என் கோப்பையிலிருந்தே குடித்துப் பார்த்தாள். "கேத்தல் சுத்தமாத்தான் இரிக்கி. உங்கட நாக்கக் கழுவுங்க" என்றாள்.

அந்தி மஃரிப் பாங்கு சொல்வதற்குள் தொண்டை வறண்டு இருமல் தொடங்கியது. பிறகு நடுக்கம். போர்வைக்கு மேல் போர்வை போட்டும் குளிர் எலும்பை விட்டுப் போகவில்லை. நெஞ்சில் யாரோ முழங்காலை ஊன்றியது போல ஒரு பாரம்.

நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நோய்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருக்கும் படங்களும், போனில் வந்து விழும் குரல் செய்திகளும்தான். ஒரு மனிதனை உறங்கவிடாமல் செய்ய அவையே போதும். மாரி காலம் வேறு. எங்கள் ஒழுங்கை வீடுகளில் டெங்கு வந்திருந்தது. எனக்கும் அதுதான் என்று முடிவு செய்து, போன் வெளிச்சத்தில் கைகளில் சிவப்புப் புள்ளி தேடினேன். இருந்தவை எல்லாம் வெல்டிங் பொறி பட்ட பழைய தழும்புகள். அப்படியிருந்தும் நம்பவில்லை.

விடிந்தபோது உடம்பு வியர்த்து, காய்ச்சல் விட்டிருந்தது. அன்றைக்கே வேலை செய்தேன். அந்தக் கிழமையின் மற்ற நாள்களில் ஒன்றுமில்லை. அடுத்த சனிக்கிழமை பின்னேரம் அதே இனிப்பு, அதே இருமல், அதே நடுக்கம்.

இரத்தம் சோதித்தேன். தட்டணுக்கள் (காயத்தில் இரத்தம் உறைய உதவும் மிகச் சிறிய துகள்கள்) குறையவில்லை. டெங்கு இல்லை என்றார்கள். ஆறுதலுக்குப் பதிலாக வேறு பயம் வந்தது. வயல் வட்டைக்குள் கேட் பொருத்தப் போனபோது சேற்றில் நின்றேனே, எலிக்காய்ச்சலோ? அல்லது காசநோயோ? எனக்குத் தெரிந்த தொழில் வெல்டிங் ஒன்றுதான். நெஞ்சு கெட்டால் நாளைக்கு எதைச் செய்து பிள்ளையைப் பார்ப்பேன் என்பதே மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாம் முறை வந்தபோது, காய்ச்சல் விடுவதற்கு முன்பே என்னை முச்சக்கர வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள் நிஹாறா. அங்கிருந்த டொக்டர் ஒரு பெண். நான் அவரிடம் டெங்கு, எலிக்காய்ச்சல், காசநோய், வாப்பாவின் ஈளை நோய் எல்லாவற்றையும் வரிசையாக ஒப்புவித்தேன். நிஹாறாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"மிஸ், பள்ளிக்கூடம் போக விருப்பமில்லாத புள்ளைக்குத் திங்கக்கிழமையெண்டால் வயித்துக்குத்து வருமே, இவருக்குச் சனிக்கிழமையெண்டால் காய்ச்சல். வெள்ளிக்கிழமை பட்டறை பூட்டு. அண்டைக்கு இவருக்கு ஒரு தும்மலும் வராது."

டொக்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று என் கைகளைப் பார்த்தார்.

"என்ன வேலை செய்யிறீங்க?"

"வெல்டிங், மிஸ்."

"என்ன இரும்பு?"

"வெள்ளைப் பைப்."

எங்கள் பக்கத்து உப்புக்காற்று கறுத்த இரும்பைத் தின்றுவிடும். அதனால் துத்தநாகம் பூசிய வெள்ளைப் பைப்பைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்த நாள்களில் தேற்றாத்தீவில் வாவியோரம் கட்டிய ஒரு விடுதிக்குக் கைப்பிடி வேலிகள் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

டொக்டர் சொன்ன பெயர் உலோகப் புகைக் காய்ச்சல் (பூச்சு எரிந்து எழும் புகையை மூச்சில் இழுத்த சில மணி நேரத்தில் உடம்பு காட்டும் எதிர்ப்பு). தினமும் புகை பட்டால் உடம்பு அதற்குக் கொஞ்சம் பழகிவிடுமாம். ஒரு நாள் ஓய்ந்தால் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். மறுநாள் புகை புதிதாகத் தாக்கும். வேறு ஊர்களில் இது திங்கட்கிழமை வருமாம். காத்தான்குடியில் எனக்கு ஓய்வு வெள்ளிக்கிழமை. "டெங்குவில வெள்ளணு குறையிறதுதான் வழக்கம். உங்களுக்குக் கூடிக் கிடக்கு" என்று புதிய இரத்த அறிக்கையைக் காட்டினார். எக்ஸ்ரேயில் நெஞ்சு தெளிவாக இருந்தது.

"பட்டறைக்குள்ள காத்தோட்டம் இரிக்கா?"

நிஹாறா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பட்டறைக்கு முன்னால் குர்ஆன் மத்ரசா. பிள்ளைகள் நின்று வெளிச்சத்தைப் பார்க்கும். கண் அவிந்துவிடுமே என்று பயந்து, மாரி தொடங்கியதும் சுற்றிவர நீலப் பிளாஸ்டிக் தறப்பாளை இழுத்துக் கட்டியிருந்தேன். மழையும் உள்ளே வராது, கரண்ட் அடிக்கும் பயமும் இல்லை. கறுப்புக் கண்ணாடி பதித்த முகக்கவசம், தோல் கையுறை, காலுக்குக் கீழே காய்ந்த பலகை, எல்லாம் உண்டு. புகை போக மட்டும் வழியில்லை.

"கதவச் சாத்திப்போட்டுப் புகை குடிச்சிரிக்கீங்க" என்றாள் நிஹாறா. "என்ட மாப்பிள்ளை சிகரட்டத் தொடமாட்டார் எண்டு நான் ஊரெல்லாம் பெருமையடிச்சிக்கிட்டுத் திரியிறன்."

பால் குடித்தால் புகை முறியும் என்று தொழிலில் எல்லோரும் சொல்வோம். அதையும் கேட்டேன். "பால் வயித்துக்குப் போகும். புகை நெஞ்சுக்கெல்லோ போகுது" என்றார் டொக்டர்.

தனி மருந்து ஒன்றும் இல்லை. ஓய்வும் தண்ணீரும் காய்ச்சலுக்கு மாத்திரையும்தான். இருமல் நின்ற பிறகே பட்டறையைத் திறந்தேன். தறப்பாளை அவிழ்த்தேன். மத்ரசாப் பக்கம் மட்டும் பிள்ளைகளின் தலைக்கு மேல் உயரமாக ஒரு தகரத் தட்டி. மற்றப் பக்கங்களும் மேற்பக்கமும் திறப்பு. ஒட்டப்போகும் இடத்தில் நாலு விரல் அகலத்துக்குப் பூச்சைத் தேய்த்து எடுக்கிறேன், அந்தத் தூசிக்கும் முகமூடி போட்டுத்தான். புகைக்கு மேலே தலையைக் கவிழ்ப்பதில்லை. காற்று எனக்குப் பக்கவாட்டில் போகும்படி நிற்கிறேன். முகக்கவசத்துக்குள் உலோகப் புகைக்கென்று விற்கும் வடிகட்டி முகமூடி. முகத்தில் கட்டும் துணி இதற்கு உதவாது.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒன்று. காய்ச்சல் வந்தால் இதுவாகத்தான் இருக்கும் என்று நீங்களாக முடிவுகட்டிப் படுத்துவிடாதீர்கள். டெங்குவும் நடுக்கத்தோடு தொடங்கலாம். வேறு சில பூச்சுகளின் புகை இதைவிடக் கொடியது, உயிரையே எடுக்கும் என்றும் டொக்டர் சொன்னார். போய்க் காட்டுங்கள். என்ன வேலை, எந்த இரும்பு என்பதை முதலில் சொல்லுங்கள். நான் எனக்குத் தெரிந்த நோய்களையெல்லாம் சொன்னேன், தொழிலைச் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. காய்ச்சல் இல்லாத நாள்களில் நான் சுகமாக இருந்ததாக எண்ணியிருந்தேன். அந்த நாள்களிலும் அதே தறப்பாளுக்குள் அதே புகைதான். உடம்பு முறையிடுவதை விட்டிருந்தது. முன்பு உடம்பு எதையாவது சொன்னால் பயப்படுவேன். இப்போது அது பேசாமல் இருந்தாலும் பயமாக இருக்கிறது. கிழமையும் எனக்கு வெள்ளியில் முடிவதில்லை. சனிக்கிழமை இருட்டிய பிறகுதான் முடிகிறது.

போன சனிக்கிழமை பின்னேரம் கையெல்லாம் புல்லரித்தது. "நிஹாறா, தொட்டுப் பாரு" என்றேன். அவள் என் கழுத்தில் புறங்கையை வைத்தாள்.

"வெளியில மழை, தலைக்கு மேல ஃபேன் சுத்துது. எனக்கும்தான் குளிருது. எழும்பி அத நிப்பாட்டுங்க."

நிறுத்தினேன். அவள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். குடிக்காமல் கொஞ்ச நேரம் கோப்பையைக் கையில் வைத்திருந்தேன். பிறகு ஒரு மிடறு. சீனியின் இனிப்புத்தான். நம்பாமல் இன்னொரு மிடறு குடித்துப் பார்த்தேன்.