பேத்தியின் நெஞ்சில் கேட்ட சத்தம்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கற்பாறையில் கிணறு வெட்டினேன். இடம்பெயர்ந்து திரும்பியபோது கூரையும் மிஞ்சாத வீட்டை மறுபடி எழுப்பினேன். அச்சுவேலியில் சீமெந்துக் கல் அரியும் (அச்சில் வார்த்தெடுக்கும்) பட்டறை போட்டேன். எவரும் கை கொடுக்கவில்லை. எதற்கும் அசையாத என்னை, மூன்று வயதுப் பேத்தியின் நெஞ்சில் கேட்ட ஒரு சத்தம் உட்கார வைத்துவிட்டது.

காய்ச்சலுக்குக் காட்டப்போன இடத்தில்தான் டொக்டர் அதைக் கேட்டார். முணுமுணுப்பு (இதயத்தில் இரத்தம் ஓடும்போது கேட்கும் மேலதிக ஒலி) என்றார். பல பிள்ளைகளுக்கு அதனால் ஒன்றுமில்லை. சிலருக்கு இதயத்தில் ஓட்டை இருக்கலாம். எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படமாகப் பார்க்கும் பரிசோதனை) எடுத்தால்தான் தெரியும்.

மகள் மறுத்தாள். "பொம்பிளைப் பிள்ளை அப்பா. இருதய வருத்தமெண்டு ஊர் கதைக்கும்."

"ஊரோ வந்து இவளுக்கு மூச்சு விடப்போகுது? வெளிக்கிடு."

பரிசோதனை அறையில் வேறு சிக்கல். பேத்தியின் கழுத்தில் பஞ்சாயுதம் (பிள்ளைக்குக் காப்பாகப் போடும் ஐந்து ஆயுதப் பதக்கம்). கருவி வைக்கவேண்டிய இடத்திலேயே அது கிடந்தது. அம்மன் கோயிலில் வைத்துப் போட்டதைக் கழற்றக்கூடாது என்று மகள் இறுக்கிப் பிடித்தாள். பிள்ளை வீரிட்டு அழுதாள். அசைந்தால் படம் தெளியாது என்று டொக்டர் கருவியை எடுத்துவிட்டார்.

மகளின் விரல்களை விலக்கி நானே கழற்றினேன். சங்கிலி என் கழுத்துக்குப் போதவில்லை. காதில் கொழுவிக்கொண்டேன்.

"அம்மப்பா தோடு போட்டிருக்கிறார்!" அழுகை நின்றது.

"ஐயா, தலையை ஆட்டாதேங்கோ. உங்களைத்தான் பாத்துக்கொண்டு கிடக்கிறா."

"ஆட்டமாட்டன். நீங்கள் வடிவாப் பாருங்கோ, டொக்டர்."

கழுத்து நொந்தது. அசையவில்லை.

இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே சிறிய ஓட்டை. மருந்து தேவையில்லை, தானாக மூடக்கூடும், ஆனால் தவறாமல் வந்து காட்டவேண்டும் என்றார்.

இதை வாசிக்கும் பெற்றோரே, ஊசி இல்லை, நோவு இல்லை. நெஞ்சில் குளிரான பசை பூசுவார்கள், அவ்வளவுதான். பின்போடாதீர்கள்.

தவணை தவறாமல் கூட்டிப்போனோம். கடைசி எக்கோவில் ஓட்டை மூடியிருந்தது. அவள் என் மார்பில் நித்திரை கொள்ளும்போது, எது அவளுடைய துடிப்பு, எது என்னுடையது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடிவதில்லை. வேலைக்கு நேரமாகிறது என்று எழும்பவும் மனம் வருவதில்லை.

அம்மாள் காப்பாற்றினாள் என்று மகள் ஊரெல்லாம் சொல்கிறாள். சொல்லட்டும், அம்மனுக்கு அவள் வைத்த பொங்கலுக்கு அரிசி நான்தான் கொடுத்தேன். டொக்டரையும் சொல்லட்டும். ஆனால் பிள்ளையை அந்தக் கட்டில் வரைக்கும் கொண்டுபோனவன் யார்? அதையும் சேர்த்துச் சொல்லவேண்டும், என் பெயரோடு.