போன் துடைக்கிற நேரம்

எனக்குக் குறிப்பெழுதாமல் ஒரு நாளும் ஓடாது. கொழும்பு புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சு வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. கைத்தொலைபேசி வாங்கியதும் தாளை விட்டுவிட்டு அதிலிருந்த குறிப்புப் பகுதிக்கு மாறினேன். சமையல் காஸ் எப்போது முடியும், மகளுக்கு டியூஷன் எந்த நாள், தமிழர் என்பதால் செய்யவேண்டிய பொலிஸ் பதிவை எப்போது புதுப்பிக்க வேண்டும், எல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழாக அதற்குள் கிடக்கும். என் கணவர் கேலி செய்வார்: "போன் துலைஞ்சால் உமக்கு என்ரை பேரும் மறந்துபோகும்."

அதே மனிதர்தான் தினமும் காலையில் நான் குளிக்கப் போனதும் போனை எடுத்துத் துடைப்பார். துணியால் அல்ல. வந்த அழைப்புகள், குறுஞ்செய்திகள், வடக்கு வாசனை அடிக்கும் குறிப்புகள், ஒன்றையும் மிச்சம் விடமாட்டார். வெள்ளவத்தையில் அன்று அநேகமான தமிழ் வீடுகளில் இது பல் தீட்டுவது போன்ற வேலை. சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து, இறக்கி, போனை வாங்கிப் பார்ப்பார்கள். ஒரு தெரியாத நம்பருக்காக பொலிஸ் நிலையத்தில் நாள் முழுக்க இருந்து பதில் சொன்னவர்கள் எங்கள் மாடிக் குடியிருப்பிலேயே இருந்தார்கள். என்னைக் காப்பாற்றத்தான் அவர் துடைத்தார். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

போரின் கடைசி மாதங்களில் வன்னியில் அகப்பட்டிருந்த என் தங்கையிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. உயிரோடு இருக்கிறாளா என்பதே தெரியாது. ஒரு நாள் காலை போன் அடித்தது. அவள்தான்.

"அக்கா, நான் வவுனியாவில, ஆஸ்பத்திரியில. காலிலதான் காயம். இது இஞ்ச வேலை செய்யிற ஒருத்தரின்ரை போன். பின்னேரம் இதுக்கு எடுங்கோ. எந்த முகாமுக்கு ஏத்தினமெண்டு அதுக்குள்ள சொல்லிப்போடுவினம்."

நம்பரை உடனே குறிப்பில் ஏற்றினேன். கணவர் பாண் வாங்கக் கீழே போயிருந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மகள் பார்க்கக்கூடாதென்று குளியலறைக்குள் புகுந்து தண்ணீரைத் திறந்துவிட்டேன். வெளியே வந்தபோது அவர் திரும்பியிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முகமெல்லாம் சிரித்தார். பிறகு கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"நம்பரை எங்க எழுதினனீர்?"

தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டு நான் குளிக்கிறேன் என்று நினைத்து, வழக்கம்போல எல்லாவற்றையும் துடைத்து முடித்திருந்தார்.

அன்று இருவரும் வேலைக்குப் போகவில்லை. ஞாபகத்தில் நின்ற இலக்கங்களை நான் சொல்ல, மிச்சத்தை மாற்றி மாற்றி அவர் அடித்துப் பார்த்தார். தெரியாத ஒரு நம்பருக்கே பயந்த மனிதர், யார் யாரிடமோ சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டபடி இருந்தார். போன் கம்பனியில் கேட்டால் எடுத்துத் தருவார்கள் என்று தோன்றியது. எதற்கு என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது? போகவில்லை. இருட்டிய பிறகும் அவர் நிறுத்தவில்லை. நான்தான் போனை வாங்கி வைத்தேன். அவர்மேல் பொல்லாத கோபம் வந்தது. அவரை விட்டால் யாரிடம் அழுவது என்றும் தெரியவில்லை.

போர் முடிந்து பல மாதங்களுக்குப் பிறகுதான் தங்கையைக் கண்டோம். அவள் முகாம் வேலிக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். கணவர் அன்று நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். அவள் முடிக்க விடவில்லை.

"பரவாயில்லை அத்தான். நீங்கள் பயத்தில எடுக்கேல்லையெண்டுதான் நினைச்சனான். உங்களுக்கும் பிள்ளை இருக்குத்தானே. அதாலதான் பிறகு போன் கிடைச்சும் நான் எடுக்கேல்லை."