அவள் தலைமேல் நான் வைத்த கை

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அந்தக் கோடையில் ஒரு குடம் தண்ணீருக்காக அரை நாள் வரிசையில் நின்றோம். கிடைத்த தண்ணீரும் நல்ல தண்ணீர் இல்லை. ஊரில் வாந்திபேதி பரவியிருந்தது.

ஒரே வீட்டில் இரண்டு குடும்பம். முன்பக்கம் நானும் என் கணவரும், பின்பக்கம் கொழுந்தனும் அவர் மனைவியும். நான் பள்ளிக்கூட டீச்சர். எங்கள் சபையின் பெண்கள் ஜெபக் கூட்டத்தையும் நான்தான் நடத்தினேன். டீச்சர் ஜெபித்தால் பிசாசு ஓடிப்போகும் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒருநாளும் அதை மறுத்ததில்லை. கொழுந்தன் மனைவி அதிகம் படிக்காதவள், அதிகம் பேசவும் மாட்டாள். என்னை அக்கா என்பாள். எது செய்தாலும் என்னைக் கேட்டுத்தான் செய்வாள்.

அவளுடைய நாலு வயது மகனுக்கு ஒருநாள் விடியும்போதே வாந்தியும் பேதியும் ஆரம்பித்தது. கொழுந்தன் மில்லுக்குப் போயிருந்தார். அவள் என்னிடம்தான் ஓடிவந்தாள். பகல் முழுவதும் நான் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. ஜட்கா வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பொழுது சாய்ந்துவிட்டது. பிள்ளையின் கண்கள் குழிவிழுந்திருந்தன. ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்தபின் சில வாரங்கள் அவள் ஆலயத்துக்கு வந்தாள். பாட்டுப் பாடும்போது வாய் அசையாது. பிறகு வருவதையே நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "எனக்கு ஜெபம் வரலக்கா" என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் ஜெபக் கூட்டத்துப் பெண் ஒருத்தி மூச்சிரைக்க வந்தாள். "டீச்சர், உங்க கொழுந்தன் சம்சாரம் செத்த பிள்ளைக்குப் படையல் போடுறா. நான் கண்ணால பாத்தேன்."

மறுநாள் சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்கு அவள் பின்னாலேயே போனேன். மகனைப் புதைத்த இடத்தில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான் நான் பார்த்தது. சத்துருவாகிய பிசாசு துக்கத்தின் வழியாக எங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டான் என்று அங்கேயே முடிவு செய்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு வருத்தம் வரவில்லை. இத்தனை நாளும் ஜெபக் கூட்டத்தில் ஆவிக்குரிய போராட்டம் என்று பேசி வந்தவளுக்கு, இதோ போராட ஒரு களம் கிடைத்தது என்ற வேகம்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை உபவாசமிருந்து ஏழெட்டுப் பெண்கள் எங்கள் வீட்டில் கூடினோம். அவளை நடுவில் உட்காரவைத்து, தலைமேல் கை வைத்தோம். "வெளியே போ" என்று நான் அதட்ட, மற்றவர்களும் சேர்ந்து சத்தமிட்டார்கள். அவள் வெகுநேரம் அசையாமல் இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"யாரைக்கா வெளிய போகச் சொல்றீங்க?"

"உனக்குள்ள இருக்கிறவனை. செத்த பிள்ளைக்குத் தண்ணி வைக்கச் சொன்னது யாரு? சொல்லு!"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"யாரும் சொல்லலக்கா. அவன் தண்ணி கேட்டான். அன்னைக்குப் பூராவும் கேட்டுக்கிட்டே கெடந்தான். குடுத்தா இன்னும் அதிகமாப் போகும், குடுக்காதேன்னு நீங்க சொன்னீங்க. பெரியம்மான்னு உங்க சேலையைப் பிடிச்சுக்கிட்டும் கேட்டானே."

அறையில் எல்லோருடைய சத்தமும் நின்றுபோயிற்று. பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். பேதி கண்ட பிள்ளைக்குத் தண்ணீர் தரக்கூடாது என்பது அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் எல்லோரும் நம்பிய சங்கதிதான். "ஆமாம்மா, நான்தான் சொன்னேன்" என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். ஆனால் அத்தனை கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"கேட்டீங்களா, பிசாசு எப்படிப் பழி போடுறான்னு!" என்றேன். அவள் தலையை இன்னும் அழுத்திப் பிடித்து, முன்னைவிடச் சத்தமாக ஜெபித்தேன். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். என் கைக்குக் கீழே அவள் தலை குனிந்துகொண்டே போயிற்று.

அடுத்த வாரமே வேடசந்தூர்ப் பக்கம் வேறு மில்லில் வேலை தேடிக்கொண்டு கொழுந்தன் அவளைக் கூட்டிப்போய்விட்டார். என் கணவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் நான் ஜெபிக்க ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

சில வருடங்கள் கழித்து, எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட வந்த நர்ஸம்மா தாய்மார்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "வாந்திபேதி வந்தா தண்ணியை நிறுத்தவே கூடாது. கஞ்சித் தண்ணியில உப்புப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துக்கிட்டே இருங்க. தண்ணி வத்தித்தான் பிள்ளைக சாகுது." அன்றைக்கு என்னால் வகுப்பெடுக்க முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறினேன். மில் குடியிருப்பில் அவள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அதற்குப்பின் அவளுக்குப் பிள்ளை இல்லை. "வாங்கக்கா" என்றாள், மரியாதை குறையாமல். நர்ஸம்மா சொன்னதைச் சொல்லி, என்னை மன்னித்துவிடு என்று அழுதேன். கீரையை முறத்தில் ஒதுக்கிவிட்டுப் பேசினாள்.

"தண்ணி குடுக்காதேன்னது தெரியாமச் சொன்னது. அதை நான் எப்பவோ விட்டுட்டேன். ஆனா அன்னைக்கு அந்த ரூம்புல உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா, எனக்குள்ள பிசாசு இல்லைன்னு. நான் உங்க மூஞ்சியைப் பாத்தேன். தெரிஞ்சும் கத்துனீங்க."

அவள் முறத்தைத் திரும்ப மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"அதை மன்னிக்கணும்னுதான் தினமும் ஜெபம் பண்றேன். ஏச மாட்டேன், சபிக்க மாட்டேன். ஆனா மன்னிப்பு இன்னும் வரல. வந்தா சொல்லி அனுப்புறேன்."

அவள் போய்ச் சேரும்வரை சொல்லி அனுப்பவில்லை. நான் ஜெபப் படைக்குத் தலைவி என்று மார்தட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவள் தன்னந்தனியாக, ஒரு சத்தமும் போடாமல் என்மேல் இருந்த கசப்போடு போராடியிருக்கிறாள். சத்துரு எங்கே இருக்கிறான் என்று பிரசங்கங்களில் எவ்வளவோ கேட்டுவிட்டேன். ஒருநாள் அவன் என் குரலிலேயே, என் ஜெபத்துக்குள்ளேயே நின்றான் என்பதும், அதை அறிந்துகொண்டே நான் அவனுக்கு இடம் கொடுத்தேன் என்பதும்தான் எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால்தான் இன்றுவரை யார் கேட்டாலும் நான் அவர்கள் தலைமேல் கை வைப்பதில்லை.