டாலரும் எறாத் தலையும்

போன செவ்வாய்க்கிழமை குமார் தம்பி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். விம்கோ நகரில் ஒரே அறையில் பதிப்பகம் நடத்துகிறவர். இந்தப் பக்கத்தில் நான் வாராவாரம் எழுதுவதைச் சேர்த்துப் புத்தகமாகப் போடுகிறேன் என்று சொன்னவர்.

"அம்மா, டாலர் ஏறிடுச்சி. புக்கு இப்போதிக்கு வராது போலகீது."

எனக்குத் தெரிந்த டாலர் சங்கிலியில் தொங்குவதுதான். "வூட்ல விசேஷமா தம்பி? கவரிங்ல வாங்கிக்கலாமே..." என்றேன்.

சிரித்தார். பாவம், அழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. பிறகு விளக்கினார். காகிதம் செய்கிற கூழ் கப்பலில் வருகிறதாம். அதற்கு டாலரில் பணம் கட்ட வேண்டுமாம். நம் ரூபாய் இறங்கினால் காகிதம் ஏறும். பெரிய பதிப்பகங்கள் முன்கூட்டியே வாங்கி அடுக்கிவிடும். இவர் அப்போதைக்கு அப்போது வாங்குகிறவர். நூற்றைம்பது என்று பேசிய புத்தகத்துக்கு இருநூறு வைத்தால்தான் கட்டுப்படியாகும்.

இருநூறா? அஞ்சாவது வரை படித்தவள் எழுத்துக்கா? என்னைப் படிக்கிற மீன் கூடை சுமக்கிறவர்களிடம் எந்த முகத்தோடு கேட்பது?

"வேணாம் தம்பி, வுட்டுடுங்க" என்றேன்.

பக்கத்து வாசலில் கம்பெனிக்காக இறால் உரித்துக்கொண்டிருந்த செல்வி சும்மா இருப்பாளா?

"இன்னாக்கா, டாலருக்கா பயந்துகினு கீற? ஏறட்டுமே! எங்க எறாவும் கப்பல்லதான் போவுது. டாலர் ஏறுனா எங்களுக்கு நாலு காசு சேத்துக் கெடைக்கும்."

"உனுக்கு கொண்டாட்டம், எனுக்கு பேஜாரு" என்றார் குமார்.

"த்தோடா! எறாவத் தலையோடவா அனுப்புறோம்? கிள்ளிட்டுதான குடுக்குறோம்? உன் புக்குல தல இல்லியா நைனா?"

இருந்ததே! பதிப்புரை, அணிந்துரை, வாழ்த்துரை... நான் வாயைத் திறப்பதற்குள் முப்பது பக்கம் — அத்தனையும் என்னை ஆகா ஓகோ என்று. படித்தபோதே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றியது.

குமார் என்னைப் பார்த்தார். "கிள்ளிடலாமாம்மா?"

"கிள்ளுங்க!" என்றேன். அவ்வளவு சத்தம் என் தொண்டையில் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

வரிகளையும் கொஞ்சம் நெருக்கிப் பார்த்தார். விலை நூற்றைம்பதிலேயே நின்றுவிட்டது. செல்வி தனக்கொன்று, நாத்தனாருக்கொன்று என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டாள்.

டாலர் நாளைக்கும் ஏறும், இறங்கும். அது நம் கையிலா இருக்கிறது? ஆனால் விலை ஏறும்போதுதான் எது சதை, எது ஓடு என்று பார்க்கிறோம்.

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. வாழ்த்துரை எழுதிய ஐயாதான் குமாரின் போனை எடுப்பதில்லை!