மொட்டை மாடியில் கெட்டிமேளம்

என் மனைவி இறந்த மறு ஆண்டு, 2005இல், மரக்காணத்தில் என் வீட்டு மொட்டை மாடியில் ஓர் எலக்ட்ரானிக் டிரம் வந்து குடியேறியது. அதை நான் விரும்பி அழைக்கவில்லை. வேண்டாமென்று சொல்வதற்குரிய காரணம் எதுவும் அச்சமயம் என்னிடம் இல்லை.

அதற்கு உரியவன் எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரரின் மகன். சில ஆண்டுகள் துபாயில் கிடங்கு வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தான். கம்பளியும் சென்ட்டும் எதிர்பார்த்துக் கூடியிருந்த உறவினர் நடுவில் அவன் ரப்பர் தட்டுகளையும் கம்பிக் கால்களையும், அவற்றுக்கு ஒலி கொடுக்கும் கறுப்புப் பெட்டி ஒன்றையும் அவிழ்த்து வைத்தானாம். அவன் தந்தை அன்று சாப்பிடவில்லை. மறுநாள் தீர்ப்புச் சொன்னார்: அடுத்த விசா வந்து கிளம்பும் நாளுக்குள் ஏதேனும் ஒரு கச்சேரிக் குழு அவனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்; இல்லையேல் மறுபடியும் விமானம்.

"விசா வந்துடுச்சு சார்," என்று ஒரு மாலை என் வாசலில் வந்து நின்றான். "பாண்டிச்சேரி மெல்லிசைக் குழுத் தலைவர் ஒருத்தர் ஞாயித்துக்கிழமை வந்து கேக்கறேன்னு சொல்லியிருக்காரு. ரிசப்ஷன்ல பொண்ணு மாப்பிள்ளை மேடை ஏறும்போது கெட்டிமேளம் வரணுமாம். அது வந்தா எடுத்துக்குவாரு. இந்தப் பெட்டியில தவிலே இல்ல சார்."

"உங்கள் வீட்டிலேயே பழகலாமே?"

"எங்க சார்! குச்சியக் கையில எடுத்தாலே அத்தா கடைய உட்டுட்டு வந்துர்றாரு. நீங்கதான் தனியா இருக்கீங்க. பிசிக்ஸ் வேற நடத்தியிருக்கீங்க."

தனியாக இருப்பதும் இயற்பியல் கற்பித்ததும் இணையான தகுதிகளாக ஒரே மூச்சில் சொல்லப்பட்டதை அன்றுதான் கேட்டேன்.

உப்பளத்தைப் பார்த்தபடி இந்த வீட்டைக் கட்டியது என் மனைவியின் விருப்பம். நான் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றதும் குடிவந்தோம். ஓராண்டுகூட ஆகவில்லை. சென்னையில் மருத்துவமனை, அங்கேயே மின்மயானம். நான் மட்டும் பேருந்தில் திரும்பினேன். தெருவில் ஒருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கும்படியாக நானும் முகத்தை வைத்துக்கொள்ளவில்லை.

பெட்டியின் சிறு கண்ணாடிச் சாளரத்தில் ஒலிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடின. ராக், ஜாஸ், பவர், டான்ஸ். அவன் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துத் தள்ளுபடி செய்தான்.

"இது டிபன் பாக்ஸ் சார். இது அண்டா கவுந்த சத்தம். இது எங்க சித்தப்பா கோவத்துல கதவு சாத்தறது."

'எத்னிக்' என்றொன்று இருந்தது. எந்த மக்களுடையது என்று பெட்டி சொல்லவில்லை. தட்டிப் பார்த்தான்.

"ஆப்பிரிக்கா சார். தலைவரு மொத கச்சேரி பேசியிருக்கறது கிளியனூர்க் கல்யாணத்துக்கு."

இல்லாத தவிலை நாமே உண்டாக்குவதென்று முடிவாயிற்று. ஓர் ஒலியின் மேல் மற்றோர் ஒலியை அடுக்கவும், சுருதியை ஏற்றி இறக்கவும், நீளத்தைக் குறைக்கவும் பெட்டி இடம் தந்தது. தவிலின் வலப்பக்கம் இறுக்கம், இடப்பக்கம் தளர்வு என்று தொடங்கி, அவன் கேட்காத பலவற்றையும் விளக்கினேன். இரண்டு விதிகள் வகுத்தேன். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். அடி மட்டும் மாறவே கூடாது. மாறினால் ஒப்பிட இயலாது. அறைக்குள் சுவர்கள் எதிரொலித்து ஏமாற்றியதால் ஆம்ப்ளிஃபயரை மாடிக்கு ஏற்றினோம்.

ஞாயிறன்று வெளிச்சம் வந்ததும் வேலையைத் தொடங்கினோம். மேலடுக்கை இறுக்கி உயர்த்தினேன். கீழடுக்கை மந்தமாக்கி நீளத்தை வெட்டினேன். அவன் விதிப்படி ஒரே நடையில், ஒரே விசையில், நிறுத்தாமல் அடித்தான்.

"சார், கிட்ட வந்துட்டோம் சார்."

"எதற்குக் கிட்டே?"

"அது தெரியல. ஆனா நல்லா பழகின சத்தம்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த ஒலியைப் பெட்டியில் சேமித்துக்கொண்டு, மகிழ்ச்சியுடன் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தோம். காற்று உப்பளப் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது.

அப்போது கீழே ஒரு பெண் குரல் எழுந்தது. "ஐயோ, எங்க சாரு போயிட்டாரே!"

கைப்பிடிச் சுவர் வழியே எட்டிப் பார்த்தேன். வாசலில் தெரு முழுவதும் நின்றிருந்தது. எங்கள் பக்கத்தில் அந்த மேளம் ஒரு வீட்டிலிருந்து கேட்டால், உப்பளத்தில் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டுக் கைகால் கழுவாமலே வந்துவிடுவார்கள். யார் அடிக்கிறார்கள் என்று எவரும் விசாரிப்பதில்லை. வந்தவர்களின் கால்களில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. உப்பள முதலாளி ரோஜா மாலையை ஏந்தியிருந்தார்.

"விடிஞ்சும் பால் பாக்கெட்ட எடுக்கல. அப்பவே நெனச்சேன்," என்றாள் எதிர்வீட்டுப் பெண்மணி. அழுதவளும் அவள்தான்.

மளிகைக் கடைக்காரர் செல்போனில் திண்டிவனத்தோடு பேசிக்கொண்டிருந்தார். "ஆமாங்க, ஐஸ் பெட்டிதான். சேச்சே, குண்டெல்லாம் இல்ல, ஒல்லியான ஆளுதான்."

"நான் இருக்கிறேன்," என்று மேலிருந்து சொன்னேன். அதைவிடப் பொருத்தமான வாக்கியம் எதுவும் அப்போது அகப்படவில்லை.

எதிர்வீட்டுப் பெண்மணி அழுகையை நிறுத்திக் கோபப்பட்டாள். "இருந்தா ஒரு கொரல் குடுக்கறதில்லையா சார்? காத்தாலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கல நானு."

மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் கடைக்காரர் என் பின்னால் குச்சியோடு நின்ற மகனைக் கண்டுவிட்டார்.

"டேய்! உசுரோட இருக்கற மனுசனுக்குச் சாவு மேளம் அடிக்கிறியா?"

"தவிலு அத்தா இது!"

"எதுடா தவிலு?"

இந்த நேரத்தில்தான் குழுத் தலைவர் வந்து சேர்ந்தார். சார் வீடு எது என்று வழியில் கேட்டவருக்கு, கூட்டம் நிற்கும் வீடு என்று சொல்லியிருக்கிறார்கள். செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டுக் கைகூப்பி வந்தார். உண்மையைச் சொன்னதும் கூப்பிய கையை இறக்காமலே கேட்டார்: "பஸ்ஸ விட்டு எறங்கும்போதே கேட்டேன். அஞ்சாறு பேரு அடிக்கறாங்கன்னு நெனச்சேன். ஒரே ஆளா?"

மாலைதான் பிரச்சினையாயிற்று. முதலாளி அதைப் பின்னால் மறைத்துக்கொண்டு நழுவப் பார்த்தார்.

"சாவுக்கு வாங்கின மாலையத் திரும்ப எடுத்துட்டுப் போவக் கூடாதுங்க," என்றாள் எதிர்வீட்டுப் பெண்மணி. "உங்க வீட்டுக்கு ஆவாது."

அனைவரும் என்னைப் பார்த்தார்கள். நான் உயிரோடிருப்பது ஒன்றே அங்கே இடைஞ்சல்.

கீழே போய்க் கதவைத் திறந்தேன். கூடத்தில் என் மனைவியின் படம் இருந்தது. நான் அதற்கு மாலை போட்டதில்லை. "இவளுக்குப் போடுங்கள்," என்றேன்.

போட்டார்கள். பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். உப்பளத்துப் பெண் ஒருத்தி, "செவுத்துக்கு மேலால மோர் குடுப்பாங்களே," என்று தொடங்கினாள். எதிர்வீட்டுப் பெண்மணி இம்முறை சரியான ஆளுக்காக அழுதாள். நானும் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். அந்த அரைமணி நேரத்தைப் பற்றி இதற்கு மேல் எழுதும் எண்ணமில்லை.

பிறகு குழுத் தலைவர் மெல்லக் கனைத்தார். "தம்பி, எனக்குப் பஸ் இருக்குது. கெட்டிமேளம் வருமா, வராதா?"

அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இப்ப எப்படி சார்..." என்றான். அவன் அத்தா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். விசாத் தாள் அதில்தான் இருந்தது.

எதிர்வீட்டுப் பெண்மணி மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அந்தம்மா மஞ்சளும் குங்குமமுமாப் போனவங்க. மங்களமா அவங்க காதுல உழட்டும். அடிப்பா."

"வாசி," என்றேன்.

இருவரும் மாடி ஏறினோம். அவன் மேலடுக்கின் சுருதியைச் சற்று இறக்கினான். நான் வெட்டிய நீளத்தைக் கீழடுக்குக்குத் திருப்பிக் கொடுத்தேன். விதிகளைப் பற்றி இருவருமே பேசவில்லை. அவன் குச்சிகளை உயர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். தெருவே கிடுகிடுத்தது. எதிர்வீட்டுப் பெண்மணியின் கையில் அரிசி இருந்திருந்தால் நிச்சயம் தூவியிருப்பாள்.

"வெள்ளிக்கிழமை வந்துடு," என்றார் தலைவர் கீழிருந்து. "அந்த இன்னொரு சத்தத்த மட்டும் அழிச்சிடுப்பா. மேடையில கை தவறி அது வந்துச்சுன்னா மாப்பிள்ளை எறங்கி ஓடிடுவான்."

சாளரத்தில், அழிக்கலாமா என்ற கேள்வி மின்னியது. அவன் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அழித்துவிடு," என்றேன். "நன்றாகவே வேலை செய்தது."

அவன் அத்தா மாடியை அண்ணாந்து பார்த்தார். பின்னர் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்: "டேய், எறங்கி வா. பாஸ்போர்ட்ட உங்கம்மா கிட்ட குடுத்துப் பீரோவுல வெக்கச் சொல்லு."