மஸ்டாங்கில் புறப்பட்ட மணமகள்

போன வருடம் வைகாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பாரிஸ் லாச்சப்பலில், ரூ காய் என்ற தெருவில் இருக்கும் ஒரு மணப்பெண் அலங்காரக் கடை வாசலில், என் தங்கையைக் காருக்குள் ஏற்ற நான் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தேன். அன்று அவளுக்குக் கல்யாணம். கார், நான் ஆசை ஆசையாக வாடகைக்கு எடுத்த சிவப்பு மஸ்டாங்.

எனக்குக் கார் என்றால் விசர். பார்சல் வான் ஓட்டித்தான் பிழைக்கிறேன். ஆனால் கனவில் வருவதெல்லாம் பெரிய எஞ்சின் அமெரிக்கக் கார்கள். தங்கைக்கு வந்த மாப்பிள்ளையும் என்னைப்போல் ஒரு கார்ப் பைத்தியம் என்று தெரிந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். ஒரே குறை, அவர் மஸ்டாங்குக்குப் போட்டிக் காரான கமாரோவின் கட்சி. எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்க வந்தால் தங்கையைவிட என்னோடுதான் அதிகம் கதைப்பார், அதாவது சண்டை பிடிப்பார்.

கல்யாணத்துக்குச் சில மாதங்கள் முன்பு, சண்டையை முடித்துவிடுவோம் என்று பாரிசுக்கு வெளியே ஒரு பந்தயத் தடத்துக்குப் போய் இரண்டையும் மாறி மாறி ஓட்டிப் பார்த்தோம். வளைவுகளில் கமாரோ தரையோடு ஒட்டிக்கொண்டு திரும்பியது. மஸ்டாங் கொஞ்சம் உடம்பை ஆட்டியது. ஆனால் நேர்ப்பாதையில் அது போட்ட முழக்கம் இருக்கிறதே, அப்பப்பா! நெஞ்சுக்குள் மேளம் அடித்தது. தடத்தில் கமாரோதான் கெட்டி என்று ஒத்துக்கொண்டேன். தெருவில் மஸ்டாங்தான் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கமாரோவுக்குள் இருந்து வெளியே பார்ப்பது தபால்பெட்டி வாய்க்குள்ளால் பார்ப்பது மாதிரி இருந்தது எனக்கு. “தெருவிலையும் நாங்கள்தான், மச்சாள்” என்று அவர் சிரித்தார்.

எங்கள் ஆட்களின் கல்யாணங்களில் இப்போது மாப்பிள்ளையும் பொம்பிளையும் எந்தக் காரில் வந்திறங்குகிறார்கள் என்பதுதான் பாதிப் பேச்சு. ஆகவே மாப்பிள்ளை கமாரோவில் வருவது, பொம்பிளையை நான் மஸ்டாங்கில் கொண்டுவருவது என்று முடிவானது. நிறம் பார்த்தோம், சத்தம் பார்த்தோம், பிரேக் பார்த்தோம். பட்டுச்சேலையும் சடைநாகமும் தலை நிறையப் பூவுமாக ஒரு பெண் அதற்குள் எப்படி ஏறுவாள் என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. இரண்டே கதவு, தாழ்ந்த கூரை. பின்சீற்றுக்குள் நுழையவே முடியவில்லை. கடைசியில் முன்சீற்றைச் சாய்த்து, பல் வைத்தியரிடம் படுத்திருப்பதுபோல் அவளைப் படுக்க வைத்தேன்.

“அக்கா, உந்தக் கண்டறியாத காரை விட்டால் வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ?” என்று அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள். நான் எஞ்சினை முடுக்கினேன். தெருவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெருமையில் எனக்குப் புளுகம் தாங்கவில்லை.

பொபினி என்ற புறநகருக்குக் கிட்டப் போகும்போது மழை ஊற்றத் தொடங்கியது. மண்டபத்துக்கு இன்னும் கொஞ்சத் தூரம்தான். தெருவில் தேங்கியிருந்த தண்ணீருக்குள் ஒரு பள்ளம் இருந்தது எனக்குத் தெரியவில்லை. டமார் என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் முன் டயரின் பக்கச்சுவர் கிழிந்து தொங்குகிறது. மாற்றுச் சக்கரம் கிடையாது. ஓட்டை அடைக்கும் நுரைப் போத்தல் ஒன்றுதான் இருந்தது. அது ஆணி குத்தின ஓட்டைக்குச் சரி, இந்தக் கிழிசலுக்கு எந்த மூலைக்கு?

டாக்சிக்குப் போன் அடித்தேன். மழை என்பதால் ஒன்றும் கிட்டத்தில் இல்லை. மாப்பிள்ளை அதற்குள் மணவறையில் இருந்துவிட்டார். அப்பா யாரையாவது அனுப்புவதாகச் சொன்னார். ஆனால் அந்த மழைநேர வாகன நெரிசலுக்குள் அவர்கள் வந்து திரும்புவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும். அம்மா போனில் அழத் தொடங்கிவிட்டா. “பிள்ளை, எங்கை நிக்கிறியள்? ஐயர் பொம்பிளையைக் கூப்பிடச் சொல்லிப்போட்டார்.” தங்கையோ மை கரைந்துவிடும் என்று அழுகையை அடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். ஐயோ, நான் ஏன் ஒரு சாதாரணக் காரை எடுக்கவில்லை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் பின்னால் ஒரு வெள்ளை மினிபஸ் வந்து நின்றது. சக்கர நாற்காலிக்காரரை ஏற்றி இறக்கும் வண்டி. ஓட்டிவந்த கறுப்பினப் பெண் இறங்கி வந்து, காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, வாயில் கை வைத்தாள். நான் மூச்சு விடாமல் விஷயத்தைச் சொன்னேன். தன்னிடம் ஒரு பயணி இருக்கிறார், அவர் சம்மதித்தால்தான் ஏற்றலாம் என்றாள்.

உள்ளே ஒரு வயதான பிரெஞ்சுக்காரர். டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்புகிறார். கையில் கட்டு, முகமெல்லாம் களைப்பு. எனக்குக் கேட்கவே வாய் வரவில்லை. அவரே கேட்டார், அந்தச் சிவப்புக் காருக்கு எத்தனை குதிரைவலு என்று. நானூற்றுச் சொச்சம் என்றேன். “அவ்வளவு குதிரையில் ஒன்றுக்குக்கூட இன்று நடக்க மனமில்லையா?” என்றார். பிறகு, வீட்டில் தனக்காகக் காத்திருப்பது தொலைக்காட்சிப் பெட்டி மட்டும்தான், பொம்பிளையைக் கூப்பிடு என்றார்.

மஸ்டாங்கை நானும் ஓட்டிவந்த பெண்ணுமாக ஓரத்துக்குத் தள்ளினோம். தங்கை சக்கர நாற்காலி ஏறும் சாய்வுப் பலகையால், தலை குனியாமல், சேலை கசங்காமல், மகாராணிபோல் நடந்து ஏறினாள். கிழவர் தன் கால்களைப் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்து அவள் தோளில் போடச் சொன்னார். உங்களுக்குக் குளிராதா என்று கேட்டதற்குக் கையை மட்டும் அசைத்தார். வழியெல்லாம் நான் நன்றி சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தப் பெண் வழியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

மண்டப வாசலில் சனம் மஸ்டாங்கின் முழக்கத்துக்குக் காத்திருந்தது. வீடியோக்காரர் கமராவோடு தயார். வந்ததோ வெள்ளை மினிபஸ். அம்மா ஓடி வந்தா. நேரம் தப்பவில்லை. நாதஸ்வரக்காரர் வாசிக்கத் தொடங்கினார்.

தங்கை இறங்கவில்லை. திரும்பி, அந்த மனிதரின் கால்களைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தாள். அவருக்கு விளங்கவில்லை. அவளுடைய நகை ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து, பாவம், தானும் குனிந்து தரையில் தேடத் தொடங்கினார். நான் ஆசீர்வாதம் கேட்கிறாள் என்று சொன்னேன். அவர் அப்படியே நிமிர்ந்து இருந்தார். பிறகு கட்டுப்போட்ட கையை மெல்லத் தூக்கி, பூக்கள் நசுங்காமல் ஓர் இடம் பார்த்து, அவள் தலையில் வைத்தார். ஓட்டிவந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் துடைக்கவில்லை, ஓவென்று அழுதேன்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி அம்மா மன்றாடிப் பார்த்தா. களைப்பாக இருக்கிறது, இன்னொரு நாள் என்றார் கிழவர். மழைக்குள் அந்த வண்டி திரும்பிப் போனது. பதற்றத்தில் ஒருவரும் பேர்கூடக் கேட்கவில்லை. தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளை என்னைப் பார்த்து, “மச்சாள், எங்கை உங்கடை மஸ்டாங்?” என்று குசுகுசுத்தார். அன்றைக்கு மட்டும் நான் அவரோடு சண்டைக்குப் போகவில்லை.

என் தங்கையின் கல்யாணத்தில் முதல் ஆசீர்வாதம் சொந்தக்காரருடையது இல்லை, வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்று இருந்த ஒரு நோயாளியின் கை தந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கைக்கு என்னால் திருப்பிச் செய்ய முடிந்தது ஒன்றுமில்லையே என்று நெஞ்சு கனக்கிறது, அப்படி ஒரு கை எங்கள் பிள்ளையின் தலைக்குக் கிடைத்ததே என்று நிறைந்தும் போகிறது.