சிவப்புப் பலகையில் ஏறிய பூசணிக்கொடி

மாத்தளை மாவட்டத்துக்குப் போகிறவர்கள் வழக்கமாகச் சீகிரியாவில் ஏறிப் படம் எடுப்பார்கள், வழியில் ஏதாவதொரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் முடி வளரும் எண்ணெய் வாங்குவார்கள், திரும்பிவிடுவார்கள். நான் இரண்டையும் செய்திருக்கிறேன். முடியைப் பற்றிக் கேட்காதீர்கள்.

இந்த முறை, ஜூன் கடைசி ஞாயிறு, போனது வேறு காரணத்துக்காக. என்னோடு படித்த சாமுவேல் இப்போது உக்குவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துச் சபையில் போதகர். அங்கே போதகரை ஐயர் என்று அழைக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் அவனை அழைத்த பெயரை இங்கே எழுத முடியாது. “மச்சான், அறுப்பின் பண்டிகை. வா. சாப்பாடு இருக்கு” என்று செய்தி அனுப்பியிருந்தான். கடைசி இரண்டு சொற்கள் இல்லாவிட்டாலும் போயிருப்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

அறுப்பின் பண்டிகை என்றால், அவரவர் விளைவித்ததில் முதல் பலனைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பது. பல சபைகளில் அதை ஏலம் போடுவார்கள். இந்தச் சபையில் அப்படியில்லை. ஆராதனை முடிந்ததும் எல்லாக் காய்களையும் ஒரே கிடாரத்தில் போட்டுச் சமைத்து, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

கொழும்பிலிருந்து முதல் நாளே கண்டிக்கு வந்து தங்கி, அங்கிருந்து காலை ஆறரை பஸ். மாத்தளை இருபத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, டிக்கட் 130 ரூபாய். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று மாத்தளை பஸ் நிலையத்துக்கு அருகில் 450 ரூபாய்க்கு ஒரு அன்னாசிப்பழம் வாங்கினேன். என் வாழ்நாளில் நான் விளைவித்தது முகப்பரு மட்டும்தான் என்பதால் வேறு வழி இருக்கவில்லை.

அங்கிருந்து ஓட்டோ. பதினேழு கிலோமீட்டர், 1,900 ரூபாய். ஓட்டியவர் நவ்பர் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்), உக்குவளைக்காரர். இடத்தைச் சொன்னதும் முதலில் வானத்தைப் பார்த்தார்.

“மழ இல்ல, போகலாம் சேர். இடையில மழ வந்தா நீங்க இறங்கி நடப்பீங்க, நான் வண்டியத் திருப்பிருவேன். முன்னுக்கே சொல்லிட்டேன், பொறகு கோவிக்கப்படாது.”

அன்னாசியைப் பார்த்தார். “பண்டிகைக்கா? நேத்து மட்டும் இந்த ஓட்டோவுல மூணு ட்ரிப் மரக்கறி ஏத்தினேன். எல்லாம் தம்புள்ளைச் சந்தைச் சாமான்.” கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னார்: “நாளைக்கும் அங்க ஒரு ஹயர் இருக்கு. வெள்ளன அஞ்சு மணிக்கு. ஒரு அக்கா கொழும்புக்குப் போறாங்க, வீட்டு வேலைக்கு. மொத்தமாப் போறாங்க போல, பெட்டியோட.”

உக்குவளை தாண்டி ஏற்றம் தொடங்கியது. தேயிலைக்கு நடுவே ஒரு வளைவில் நவ்பர் நானா தானாகவே வேகத்தைக் குறைத்தார். மலையின் ஒரு பக்கம் செம்மண்ணாக வழிந்து கிடந்தது. போன வருடக் கடைசியில் பெய்த பெருமழையில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த ஒரு லயம் முழுக்க அதற்குள் போனது. ஓரத்தில் அரசாங்கத்தின் சிவப்பு எச்சரிக்கைப் பலகை ஒன்று நட்டிருந்தார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். தெரியவில்லை. ஒரு பூசணிக்கொடி அடியிலிருந்து நுனி வரை ஏறிப் படர்ந்திருந்தது. மண் சரிந்த பிறகு அரசாங்கம் அங்கே அமைத்த ஒரே பந்தல் அதுதான் என்று பிற்பாடு அறிந்தேன்.

சாமுவேலின் சபைக் கோவில் சிறியது, தகரக் கூரை. சரிவு அதற்கு முந்நூறு மீட்டர் தள்ளி நின்றுவிட்டது. பீடத்தின் முன்னால் கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா, எல்லாம் அழகாக அடுக்கியிருந்தது. வீட்டோடு தோட்டத்தையும் இழந்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் இருக்கிற சனம் முதல் பலனுக்கு எங்கே போகும்? சந்தைக்குத்தான் போகும். நடுவில் நான்கு ஆப்பிள்கள், ஸ்டிக்கரோடு, நியூசிலாந்தின் முதல் பலனாக. என் அன்னாசியை அவற்றுக்குப் பின்னால் மறைவாக வைத்தேன்.

ஓரத்தில், தனியாக, ஒரு பூசணிக்காய். பெரியது, சாம்பல் பூத்தது, மண் ஒட்டியது.

“அந்தக் குவியல்லயே வெளைஞ்சது அது ஒண்ணுதான்” என்று சாமுவேல் காதருகில் சொன்னான். கொண்டுவந்தவர் புஷ்பம், கொழுந்து பறிப்பவர். கணவர் ஜேம்ஸ் மண்சரிவில் இறந்துபோனார். பலகைக் கொடி ஜேம்ஸுடையது, காய் அதில் விளைந்தது. அடுப்புக்கு மேலே டின்னில் சாம்பல் போட்டு அவர் வைத்திருந்த விதை, வீட்டோடு புதைந்தது, தை மாதம் தானாக முளைத்து மேலே வந்திருக்கிறது. புஷ்பம் போய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

“அதுல பிரச்சினை என்ன?”

“சாவு விழுந்த மண்ணுல வெளைஞ்சத யாரும் சாப்பிட மாட்டாங்க. அந்த அக்கா கையால தேத்தண்ணிகூட ஆறு மாசமா ஒருத்தரும் வாங்கிக் குடிக்கல. வாயால ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ‘இப்பதான் குடிச்சேன்’ம்பாங்க. இன்னைக்கும் அப்படின்னா நாளைக்குப் போயிருவாங்க. எங்கிட்ட சொல்லிட்டாங்க.”

அப்போதுதான் ஐந்து மணி ஹயர் யாருடையது என்று எனக்கு விளங்கியது.

ஆராதனை ஒன்றரை மணி நேரம். பிரசங்கம் சுருக்கமாக இருந்தது, பழைய நண்பன் என்ற முறையில் நன்றி. பிறகு காய்களை வெளியே அடுப்பங்கரைக்குத் தூக்கினார்கள். சமையலுக்குத் தலைவர் தேவசகாயம் அண்ணன். சரிந்த லயத்தில் புஷ்பத்தின் காம்பராவுக்கும் அவருடைய காம்பராவுக்கும் ஒரே சுவர். அன்று முதல் அவர் அந்த வளைவு வழியாக நடந்ததில்லை, சுற்றுப்பாதையில்தான் வேலைக்குப் போகிறார். அவர் கரட்டை எடுத்தார், போஞ்சியை எடுத்தார், பூசணிக்காயை மட்டும் மரியாதையாக ஒரு நாற்காலியில் வைத்தார்.

“இது நல்ல காய். ஐயர் வீட்டுக்குக் குடுத்தனுப்புவோம்.”

“ஏன்ணே?” என்றார் புஷ்பம். “நியூசிலாந்துக்காரன் பழத்த எல்லாருக்கும் வெட்டுறீங்க. என் காய்க்கு மட்டும் என்னா, சீமான் வீட்டு மாப்பிள்ளை மாதிரி நாற்காலி?”

யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். தேவசகாயம் அண்ணன் விறகைத் தள்ளுவதில் திடீரென்று மிகவும் கவனமானார்.

புஷ்பம் காயைத் தூக்கிக்கொண்டுபோய்த் தானே வெட்டினார். விதைகளை ஒரு தட்டில் வழித்து வைத்தார். மூன்று கல் கூட்டி, தனியாக ஒரு சட்டியில் தேங்காய்ப்பாலும் கடுகும் போட்டு இறக்கினார். வரிசையாக எல்லோருக்கும் பரிமாறத் தொடங்கியபோது அந்தச் சட்டியும் மேசையின் கடைசியில் இருந்தது.

தோட்டத்தில் அத்தனை பேருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். பூசணிச் சட்டி வந்ததும் ஒவ்வொருவருக்கும் டாக்டர் சொன்னது நினைவு வந்தது. பருப்புப் பாயாசத்துக்குப் போனதும் குணமானது. நான் இரண்டு கரண்டி வாங்கினேன். ஆனால் நான் வெளியாள், என் சாப்பாடு கணக்கில் வராது. சாமுவேலும் வாங்கினான். ஐயர் சாப்பிடுவது அவர் உத்தியோகத்தில் சேர்த்தி, அதுவும் கணக்கில் வராது. புஷ்பம் கரண்டியைப் பிடித்தபடி யாரையும் பார்க்காமல் நின்றார்.

சாமுவேல் ஒரு துண்டை மென்றான். நெற்றியைச் சுருக்கினான். “தேவசகாயம் அண்ணே, இதுல உப்பு கொஞ்சம் கம்மி மாதிரி இருக்கு. நீங்க பார்க்கலியா?”

தேவசகாயம் அண்ணன் நிமிர்ந்தார். இருபது வருடமாக அந்தச் சபையின் எந்தச் சட்டியிலும் உப்பு குறைந்ததில்லையாம். “நான் போடலியே அத” என்றார். இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, புஷ்பத்தின் கையிலிருந்த கரண்டியை வாங்கி, உள்ளங்கையில் கொஞ்சம் குழம்பு ஊற்றி நக்கினார். இன்னொரு முறை நக்கினார். ஒரு துண்டை வாயில் போட்டார். மெதுவாகத்தான் மென்றார். கண் கலங்கியது. அடுப்புப் புகை அந்தப் பக்கம் வரவில்லை.

“உப்பு சரியாத்தானே இருக்கு” என்றார். “ஜேம்ஸ் வெச்ச காய் எப்பவும் இந்த ருசிதான். செவத்துக்கு அந்தப் பக்கமிருந்து குடுத்தனுப்புவான்.” இலையை நீட்டினார். “போடு தங்கச்சி. நல்லாப் போடு.”

அதன்பிறகு சீனி வருத்தம் தோட்டத்தை விட்டு நீங்கியது. அற்புதங்களை நம்பாத வாசகர்களுக்காக இதைப் பதிவு செய்கிறேன். சட்டி காலியானதும் பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களைத் திட்டினார்கள். உப்பு ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் இருந்தது. ஐயர் பொய் சொன்னார் என்று நான் எழுதமாட்டேன்.

கைகழுவிவிட்டு வந்தபோது பெண்கள் விதைத் தட்டைச் சுற்றி நின்றார்கள். “எனக்கு அஞ்சு குடு புஷ்பம்.” “அவளுக்கு அஞ்சுன்னா எனக்கும் அஞ்சு.” என்னைத் திருப்பிக் கொண்டுபோகக் காத்திருந்த நவ்பர் நானாவும் சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். “அக்கா, அப்ப நாளைக்கு அஞ்சு மணிக்கு வரவா?”

புஷ்பம் தட்டைப் பார்த்தார். “வேணாம் நானா. கொடியில இன்னும் நாலு பிஞ்சு இருக்கு. யாரு தண்ணி ஊத்துறது?”

“ஒரு ஹயர் போச்சு” என்று நானா என்னிடம் சொன்னார். சொல்லும்போது சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பையிலும் ஐந்து விதை இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், கிடாரம் அளவானது. ஆனால் அந்த மலைகளில் இப்படிப்பட்ட சிறிய கோவில்கள் நிறைய உண்டு, அழைப்பு கிடைத்தால் தட்டாதீர்கள். பெருமழைக் காலத்தில் போகவேண்டாம். ஓட்டோக்காரர் வானத்தைப் பார்த்தால் நீங்களும் பாருங்கள். உக்குவளைக்கு மேலே கடைகள் குறைவு, தண்ணீர் எடுத்துப்போங்கள். சரிந்த இடங்களில் இறங்கிப் படம் எடுக்காதீர்கள், மண் இன்னும் இறுகவில்லை, மனிதர்களும் அப்படித்தான். திரும்பும் கடைசி ஓட்டோவை முன்கூட்டியே பேசி வையுங்கள். பண்டிகைக்குப் போனால் வீட்டில் விளைந்தது எதையாவது கொண்டுபோங்கள். முடியாவிட்டால் ஸ்டிக்கரையாவது உரித்துவிடுங்கள்.

ஆசீர்வாதம் என்றால் மேலிருந்து இறங்குவது என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே அது கீழேயிருந்து, மண்ணைப் பிளந்துகொண்டு, யாரும் கேட்காமல் வந்திருந்தது. மற்றவர்கள் செய்யவேண்டியிருந்தது இலையை நீட்டுவது மட்டும்தான். அதற்குத்தான் ஆறு மாதம் பிடித்தது.

எனக்கும் மூன்று விதை கிடைத்தது. கொழும்பில், வெள்ளவத்தையில் என் பல்கனியில், ஒரு தயிர்ச்சட்டியில் ஊன்றினேன். நேற்று இரண்டு இலை விட்டிருக்கிறது. பூசணி கொழும்புக்கு வந்துவிட்டது. புஷ்பம் வரவில்லை.